ஆர்கான்

அதே ஆர்கான்தான்.
அஹ்மதி சுத்திகரிப்பு ஆலையில்
பத்தொன்பது வருடம் என் டார்ச் நுனியில்
காற்றை அண்டவிடாமல் காத்த வாயு.
ஸ்கேன் அறை மூலையில் சிலிண்டரைக் கண்டதும்
நம்ம ஷிஃப்ட்காரன் ஒருத்தன்
எனக்கு முன்னால் வந்து நிற்பது போலிருந்தது.

இடது சிறுநீரகம், கீழ்முனை,
இரண்டரை சென்டிமீட்டர்.
"சுட்டும் கொல்லலாம், உறையவைத்தும் கொல்லலாம்.
பக்கத்தில் குடல் இருக்கிறது.
பனி என்றால் அதன் ஓரம் படத்தில் தெரியும்."
டாக்டர் பதூர் சொல்லி முடிக்குமுன்
சூடு நிறையப் பட்டாச்சு டாக்டர் என்றேன்.
மாரிவிக் சிஸ்டர் மட்டும் சிரித்தாள்.

குப்புறக் கிடந்தேன்.
வெளியே ஐம்பத்தொரு டிகிரி.
மரத்த முதுகுக்குள் மூன்று ஊசி,
அவற்றின் முனையில்
மைனஸ் நூற்று நாற்பது.
பத்து நிமிடம் உறையவிட்டு
கொஞ்சம் உருகவிட்டு
மறுபடி பத்து.

"கறுப்பு முழுசா மூடிடுச்சு" என்று
யாரோ மலையாளத் தமிழில் சொன்னார்.
திடுக்கிட்டது.
என் தொழிலில்
ஃபிலிமில் கறுப்புப் புள்ளி விழுந்தால்
அந்த ஒட்டு தள்ளுபடி;
அரைத்து எடுத்து, முதலிலிருந்து.
"கறுப்பா இருந்தா நல்லதா?"
"இங்கே நல்லது. அசையாதீங்க."

மறுநாள் பார்க்கிங்கில் டாக்சிக்கு நிற்கையில்
பொற்செல்வி கூப்பிட்டாள்.
வீட்டில் கல் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.
"கல்லு என்னாச்சு?"
"உறைஞ்சு..." என்று வாய்வரை வந்ததை
"கரைஞ்சிட்டுது" என்று மாற்றினேன்.

மூன்று மாதத்தில் இன்னொரு ஃபிலிம்.
முதுகில் மூன்று பிளாஸ்திரி,
வேர்வையில் ஒன்று
இப்போதே ஓரம் பிரிகிறது.