எழுபதுக்கு எத்தனை

கடனுக்கு ஈடாக போஜன் தந்த ரூபாய்.
ராணி தலை, கழுத்தருகே ஒரு கீறல்.
பெட்ஃபோர்டு கடையில் லென்ஸை இறக்கிவிட்டு
ரொசாரியோ சொன்னார்:
"எழுபதுக்கு எத்தனை என்று
எவனாவது சீல் வைத்துத் தரவேண்டும், சார்.
நாணயத்தை இப்போது யார் நம்புகிறார்கள்?
டப்பாவைத்தான்."

மேசையில் இரண்டு விண்ணப்பங்கள்.
ஒன்று மும்பை ஏஜென்ட் வழியாகக் கடல் தாண்டும்;
ஆறாயிரம், இன்சூரன்ஸ் தனி, நாலு மாதம்.
மற்றது எழுநூறு ரூபாய், இருபதே நாள்.
இரண்டு மார்க் தாராளமாகவே போடுவார்கள்,
வாங்குகிறவன் மூன்றைக் கழித்துக்கொள்வான்.

எனக்கா தெரியாது மார்க் போடுகிறவர்களை?
இருபத்தோரு வருஷமாகக் குன்னூர் ஏலத்துக்கு
காலையில் முந்நூறு கோப்பை
உறிஞ்சுவேன், துப்புவேன், எண் சொல்வேன்.
ஜலதோஷம் பிடித்த ஒரு ஜூலையில்
கேத்திப் பக்கத்து ஃபேக்டரித் தூளுக்கு
வாசனை இல்லை என்று எழுதினேன்.
கிலோவுக்கு ஒன்பது ரூபாய் இறங்கியது.
என் மூக்கைப் பற்றி
யாரும் கேட்கவில்லை.

கடல் தாண்டுகிற இடத்தில்
இரண்டு பேர் தனித்தனியே பார்ப்பார்களாம்,
ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாதாம்.
கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி:
இந்த நாணயம் எப்போதாவது
தேய்த்துக் கழுவப்பட்டதா?
எழுநூறு ரூபாய்ப் படிவத்தில் அது இல்லை.
புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

"கறுத்துக் கிடக்கிறதே என்று
புளி போட்டுத் துலக்கினேன்,"
மாதி அடுப்படியிலிருந்து சொன்னாள்.
"பளபளவென்றுதானே இருக்கிறது?"

ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.
மூடுபனி ஈரத்தில் மை காயவே இல்லை.
மாதி வந்து
மற்ற விண்ணப்பத்தால் விசிறிவிட்டாள்.