தரையில் ஒரு துளை

பாளையங்கோட்டை ஏலத்தில் எடுத்த பழைய ஆம்புலன்ஸ்.
முகப்பில் இடவலம் மாறிக் கிடந்த எழுத்தைச்
சுரண்டிப் பார்த்தோம், முழுதாகப் போகவில்லை.
ஸ்ட்ரெச்சர் கிடந்த இடத்தில் இப்போது
என் ரெண்டு பர்னர் அடுப்பு,
அஞ்சறைப்பெட்டி,
ஐந்து கிலோ சிலிண்டர்.
தவசிக்கண்ணுக்குக் காற்றாலையில் நட்டு முறுக்குகிற வேலை.
அவர் வண்டியை எங்கே நிறுத்துகிறாரோ அங்கே என் வீடு.
போன மாதம் லெவிஞ்சிபுரம். இப்போது பணகுடி.
ஆடி பிறந்தால் ராதாபுரம் பக்கம்.

என் மூக்கு செத்து மூன்று வருஷம்.
ஒரு காய்ச்சலோடு போனது, திரும்பவில்லை.
பெருங்காயம் எனக்கு வெறும் தூள்.
கருவாடு வறுத்தாலும் பிச்சிப்பூ வைத்தாலும்
ஒரே வெள்ளைச் சுவர்.
அதனால் கண்ணை நம்புகிறவள் ஆனேன்.
ராத்திரி ராத்திரி சோப்பை நுரைத்து
ரெகுலேட்டர் கழுத்திலும் குழாய் நெடுகிலும் தடவி
குமிழி எதுவும் பெருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன்.
"பச்சப்பிள்ளையைக் குளிப்பாட்டுதியாக்கும்" என்பார்.
வண்டி நகருமுன் சிலிண்டரை அடைப்பேன்.
"அஞ்சு நிமிசத் தூரம்தானட்டி" என்பார்.
அடைத்த பிறகுதான் சாவி கொடுப்பேன்.

சிலிண்டருக்குப் பக்கத்தில் தரையில் ஒரு துளை.
மேலப்பாளையம் பட்டறையில்
மைதீன் பாதுஷா வெட்டிக் கொடுத்தது.
உள்ளங்கை அகலம், அடியில் கம்பிவலை.
"புகை மாரி மேல போவும்னு நெனைக்காதீங்க.
இது தண்ணி மாரி, பள்ளம் தேடும்.
வழி வச்சா எறங்கிப் போயிரும்.
வழி இல்லன்னா ஒங்க கூடவே படுத்துக்கிடும்."

ஆனிக் காற்றுக்குத் துளை என்றால் தனிப் பிரியம்.
செம்மண்ணை ஊதி ஊதிச் சோற்றில் போட்டது.
ஒரு நாள் தவசிக்கண்ணு
பழைய பனியனைச் சுருட்டி அதில் செருகினார்.
பார்த்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
மண் கடித்த பல் எனக்கும் இருக்கிறதே.

வியாழக்கிழமை ராத்திரி
சுக்குவெந்நீருக்கு அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டுத்
துணி எடுக்க இறங்கினேன்.
கொடியில் அவருடைய காக்கிச் சட்டை
யாரையோ அடிக்கக் கை வீசிக்கொண்டிருந்தது.
திறந்த கதவு வழியே ஏறிய காற்று
நீலத்தை ஒரே ஊதாக ஊதியிருக்கிறது.
நான் ஏறியதும் கதவையும் அதுவே சாத்தியது.
உட்கார்ந்து துணி மடித்தேன்.
சட்டி ஏன் இன்னும் முனகவில்லை என்று தோன்றியது.
தோன்றியதோடு சரி.

கதவைத் திறந்தவர்
ஒரு காலை உள்ளே வைத்தபடி நின்றுவிட்டார்.
காதில் செருகியிருந்த பீடியை எடுத்து
முள்ளுக்காட்டுக்குள் எறிந்தார்.
"ஏட்டி, சுச்சைத் தொடாத.
ஒண்ணையும் தொடாத. எறங்கு."
இவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை,
கல்யாணத்தன்றுகூட.

பின்கதவைத் திறந்து, வெளியே நின்றபடியே கை நீட்டிச்
சிலிண்டரை அடைத்தார்.
பனியனைப் பிடுங்கினார்.
அடுப்பை அணைத்த அதே காற்று
முன்னால் நுழைந்து பின்னால் வெளியேறி
வண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தது.
காற்று வருகிற பக்கமாகத் தள்ளிப்போய்
எல்லைக்கல்லில் உட்கார்ந்தோம்.
தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
எல்லாம் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன.

"எப்படி இருந்துச்சு, மணம்?"
"அழுகின ஈராய்ங்கம்."
கொஞ்ச நேரம் கழித்து,
"கெணத்துல எலி செத்துக் கெடந்தா வருமே, அதுவும்."
யோசித்துப் பார்த்தேன், எனக்குள் எதுவும் வரவில்லை.
சொல்லும்போது அவர் முகம் சுளித்ததே,
அதை வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பர்னரைச் சுற்றி
மூன்று பக்கம் தகரம் மடக்கி நிறுத்தினார்.
சோப்பை அவரே நுரைத்தார். முக்கால் கட்டி காலி.
துளையைப் பற்றி இருவரும் பேசவில்லை.
மத்தியானம் சோற்றில் மண் நறநறத்தது.
அவர் என்னைப் பார்த்தார்.
இன்னொரு கரண்டி போட்டேன்.