நான்கு மணி நேரம், எட்டு எபிசோடு

செவ்வாய், வியாழன், சனி.
செயிண்ட் பாலில் பனி கொட்டினாலும் கொட்டாவிட்டாலும்
என் ரத்தம் வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு
வீடு திரும்ப நான்கு மணி நேரம் ஆகும்.
கூரையிலிருந்து தொங்கும் டிவியில்
அதற்குள் எட்டு எபிசோடு முடிந்துவிடும்.

அதே கார்ட்டூன் குடும்பம்தான்.
முப்பத்து மூன்று வருடமாக
அப்பன் டெல்பர்ட்டுக்கு முப்பத்தெட்டு வயது.
மகன் பிப் இன்னும் நான்காம் வகுப்பில்,
விழுந்த பல் முளைக்காமலே.
தொடர் தொடங்கியபோது எனக்கு இருபத்தொன்பது,
டெல்பர்ட் எனக்கு அண்ணன் மாதிரி.
நடுவில் ஒரு வருடம் ஒத்த வயதானோம்,
எப்போது என்று கவனிக்கவில்லை.
இப்போது அவனைப் பார்த்தால்
தம்பி, உப்பைக் குறை
என்று சொல்லத் தோன்றுகிறது.

மூன்றாம் சீசனிலிருந்து எட்டு வரைக்கும்தான் பொற்காலம்
என்பாள் பக்கத்து நாற்காலி பெர்னடீன் க்ருபா.
பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
எதற்கும் தீர்ப்பு வைத்திருப்பாள்.
"அப்புறம் வந்ததெல்லாம் ஆறிப்போன காபி."
பொற்காலத்தையும் அகலத் திரைக்காக
மேலும் கீழும் நறுக்கிவிட்டார்கள்.
டெல்பர்ட்டின் தொப்பிமேல் ஒரு புறா உட்கார்ந்திருக்கும்,
அதுதான் ஜோக்.
புறாவைக் காணோம்.
தெருவே அவன் தலைக்கு மேலே பார்த்துச் சிரிக்கிறது.
நாங்கள் இருவரும் ஞாபகத்தில் சிரித்தோம்.

இன்னொன்று:
டெல்பர்ட் வாழ்க்கையில் தோற்றவன்.
எப்படித் தெரியும்?
மாடி வீடு ஒன்றுதான், கார் இரண்டுதான்,
கதவுக் கம்பெனியில் ஒற்றைச் சம்பளம்.
அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம்.
நான் வேலை பார்த்த லாரி ஃபேக்டரியை இடித்து
அங்கே எழுப்பிய அடுக்ககத்தில்
ஓர் அறைக்கு வாடகை விசாரித்துவிட்டு வந்த என் மகள்
திரையை நிமிர்ந்து பார்த்து,
"பணக்காரங்க கதையா?" என்றாள்.

சொல்ல வந்தது இதையல்ல.

ஐந்தாம் சீசன், பதினோராம் எபிசோடு.
சலவைக்கடை மிஸ்டர் லூ வருவார்.
கண்ணிருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடு.
வாயைத் திறந்தால் உடைந்த பேச்சு.
அந்தக் குரலை நானும் செய்வேன், நன்றாகவே செய்வேன்,
ஃபேக்டரியில் சாப்பாட்டு மேசையே அதிரும்.
நெங் முவா மட்டும் சிரிக்க மாட்டான்.
ஜோக் புரியவில்லை பாவம் என்று
நிதானமாக இன்னொரு தடவை செய்துகாட்டினேன்.

இங்கே டெக்னீஷியன் கஸுவா ஹெர்.
அவள் ஊசி குத்தினால் வலிக்காது.
மிஸ்டர் லூ கடையின் கதவுமணி ஒலிக்கும்போதெல்லாம்
வந்து என் இயந்திரத்தைச் சரிபார்ப்பாள்,
திரைக்கு நேர் முன்னால் நின்று.
ஒரு நிமிடம் நாற்பது நொடி.
அழுத்தம் சரி. வேகம் சரி. குழாய் சரி.
மறுபடியும் குழாய் சரி.
எனக்கு உறைக்க இரண்டு குளிர்காலம் ஆயிற்று:
இயந்திரத்துக்கு ஒன்றுமில்லை.

இரண்டு குளிர்காலமும் ரிமோட்
என் மடியில்தான் கிடந்தது.

போன சனிக்கிழமை மறுபடி அதே எபிசோடு.
மணி ஒலிக்கும் முன்பே சேனலை மாற்றினேன்.
ஏதோ மீன்பிடி நிகழ்ச்சி.
கஸுவா பாதி வழியில் நின்றாள்.
திரையைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.
பெர்னடீன்தான் கத்தினாள்:
"யோவ், வை அதை! கடைசியில அந்த அம்மா
யாருக்கும் சொல்லாம காரை எடுத்துட்டுப் போவா,
பாலத்துல நிறுத்தி சாண்ட்விச் தின்பா.
அதைவிட நல்ல எட்டு நொடி டிவியில வந்ததே இல்ல."

வாஸ்தவம்.
"அது எத்தனாவது நிமிடம்?" என்றேன்.

"பதினெட்டு,"
கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள் கஸுவா.

அதுவரை மூவரும் மீன் பார்த்தோம்.
தூண்டிலில் ஒன்றும் சிக்கவில்லை.
பிறகு பாலம்.
அவள் இந்தத் தடவை பக்கவாட்டில் நின்றாள்.
பாலத்துக்குக் கீழே ஓர் ஆறு ஓடும்,
நறுக்கியதில் போய்விட்டது.
அந்த அம்மா சாண்ட்விச்சின் ஓரத்தைப் பிய்த்து
எங்களுக்குத் தெரியாத தண்ணீரில் எறிந்தாள்.