கண்ணாடி இறங்கியிருந்தது

அம்கரா கழிவு யார்டில், மூன்றாம் சந்து,
கோழிக்கூண்டு லாரிக்குப் பின்னால்
நாலு செங்கல்மேல் நின்றது
எழுபதாம் வருஷத்துப் போன்டியாக் ஜிடிஓ.
டயர் இல்லை. சீட் என்று கொஞ்சம் கம்பி.
கூரை, எண்ணெயில் போட்ட அப்பளமாட்டம் எழும்பியிருந்தது.

"இஞ்சின் வயரில் பிடித்த தீ" என்றான் மிஷாரி.
அப்பாவின் வண்டி. அவர் போய் வருஷமாகிறது.
ஆயிரத்து நூறு தீனார்.
சொல்லிவிட்டு போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

பதினாறு வருஷமாகத் தீயணைப்பு சிலிண்டர் நிரப்புகிறவன் நான்.
மாடி மாடியாக ஏறி
முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்து
தேதிச்சீட்டு கட்டுவது வேலை.
தீ வராத இடங்களையே பார்த்து அலுத்த கண்
வந்துபோன இடம் கிடைத்தால் விடுமா?

பானெட்டைத் தூக்கினேன்.
கார்புரேட்டர் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது.
துத்தநாகம் சேர்ந்த சாமான்,
முதல் ஆளாக உருகி வழிந்திருக்க வேண்டும்.
ரேடியேட்டர் ஹோஸில் கம்பெனி பெயரைக்கூட வாசிக்க முடிந்தது.
ஒரு தகட்டைத் தாண்டி அந்தப் பக்கம்
ஸ்டியரிங் வெறும் வளையம்,
ரேடியோ ஒரு கட்டி,
டிரைவர் சீட்டின் ஸ்பிரிங்குகள்
ஆள் இன்னும் இறங்காததுபோல் அமுங்கி.

நடுவில் இருக்கும் தகட்டுக்கு ஃபயர்வால் என்று பெயர்.
இஞ்சின் தீ ஆளைத் தொடாமலிருக்க வைத்த சுவர்.
இங்கே அது
ஆள் பக்கத்துத் தீயை இஞ்சினுக்கு விடவில்லை.

டாஷ்போர்டு நம்பர் போய்விட்டது.
ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால்
இன்னொருதரம் அடித்திருப்பார்கள் என்று படித்திருந்தேன்.
மூன்று வெள்ளிக்கிழமை.
வெல்டர் குல்சமான் டார்ச் பிடிக்க
பெட்டியைக் கழற்றி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து
காகிதம் வைத்து மெழுகுப் பென்சிலால் ஒற்றியெடுத்தேன்.
இஞ்சின் பிளாக்கின் நெற்றியிலும் அதே எண்.
கூடப் பிறந்த இஞ்சின். ஐம்பது வருஷமாக மாற்றவில்லை.
காகிதத்தைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினேன்.
"யார் நம்பர் அண்ணே?" என்றான் ரூமில் இசக்கியப்பன்,
சிரிப்பை அடக்கிக்கொண்டு.

நாலாவது வெள்ளி, கதவைப் பிரித்தேன்.
உள்ளே, அடியில், கண்ணாடி
இறுகிய வெல்லப்பாகு மாதிரி ஒரே கட்டி.
ஏற்றியிருந்தால் வெடித்துச் சிதறியிருக்கும்.
கதவுக்குள் கிடக்கிறது என்றால்
தீ வரும்போது இறங்கியிருந்தது.
இந்தப் பக்கமும். அந்தப் பக்கமும்.
ஆகஸ்ட், பகல் இரண்டு மணி என்று சொல்லியிருந்தான் மிஷாரி.
ஆகஸ்டில், குவைத்தில், யார் கண்ணாடியை இறக்கிவிட்டு நிறுத்துவார்?
காற்று வேண்டியிருக்கிறது,
மனுஷனுக்கு இல்லை.

விலை பேசப் போனேன்.
கார்புரேட்டரைச் சொன்னேன். அவன் கேட்டமாதிரி தெரியவில்லை.
கண்ணாடிக் கட்டியை மேசைமேல் வைத்தேன்.
போனைக் கவிழ்த்தான்.
"கண் ஆபரேஷனுக்கு அப்புறம் அவருக்கு லைசென்ஸ் இல்லை என்றார்கள்.
நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன்.
உனக்கு ஓட்டத் தெரியாது என்றார்."

அவ்வளவுதான்.
கொளுத்தியது எந்தக் கை என்று அவன் சொல்லவில்லை.
கேட்டிருந்தால் இன்னொரு நூறு குறைந்திருக்கும்.
கேட்கவில்லை.

நானூற்றைம்பதுக்கு முடிந்தது.
ஸ்டெல்லாவிடம் போனில்
"கொஞ்சம் பழைய இரும்பு வாங்கினேன்" என்றேன்.
பொய்யில்லை.
"எவ்வளவு?" என்றாள்.
சிக்னல் சரியில்லை என்றேன். அது பொய்.

பெயர் மாற்றும் ஃபாரத்தில் நிறம் என்று ஒரு கட்டம்.
கவுண்டர்க்காரர் ஃபோட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ஹீட்டர் பெட்டி மூடியிருந்த இடத்தில்
உள்ளங்கை அகலம், புகை ஏறாத பெயிண்ட்.
பச்சை, என்றேன்.
எழுதிக்கொண்டார்.
ஓடுமா, என்றார்.

அந்த ஆராய்ச்சிக்கு
இன்னும் வரவில்லை சார்.