தகடு பதினான்கு

தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் வேலூரை வைய ஒரு சொலவடை உண்டு.
கடல் இல்லாததை அதில் யாரும் சேர்க்கவில்லை.
குறையாகவே தோன்றியிருக்காது.

சைதாப்பேட்டை காயலான் கடையில்
கிலோ பதினெட்டு ரூபாய்க் கட்டு.
மேலே மின்வாரிய ரசீதுகள், கீழே கல்யாணப் பத்திரிகைகள்,
நடுவே இது:
எவனோ வெள்ளைக்காரன் செதுக்கிய கடற்சிப்பிகள்.
ஓரமெல்லாம் டீ நிறம். மூலையில் தகட்டின் எண், பதினான்கு.
மட்டி, ஆளி, சோழி,
தென்னந்துடைப்பம் போல முள் நீட்டிய ஒன்று,
நடுவில் ஒரு சங்கு.
அதன் வாய்க்குள் தீட்டிய இளஞ்சிவப்பு மட்டும்
நேற்றுத்தான் காய்ந்தது போல.
முக்தார் பாய் எடை போட்டார். தராசு அசையவில்லை.
"சும்மா எடுத்துட்டுப் போம்மா."

சட்டம் போடக் கொடுத்த இடத்தில்
ஏகாம்பரம் கண்ணாடி துடைப்பதை நிறுத்தினார்.
"வலம்புரிம்மா இது. கோடியில ஒண்ணு.
பூஜையில வைங்க."

வலம்புரி இல்லை.
வரைந்தவன் மேசையில் கிடந்தது
எந்தக் கரையிலும் ஒதுங்குகிற இடம்புரி.
பார்த்தபடியே செம்பில் கீறியிருக்கிறான்,
மயிரிழை பிசகாமல்.
மை தடவித் தாளில் அழுத்தியதும்
பக்கம் மாறிவிட்டது.
அதை அவன் கவனித்தானா,
கவனித்தும் கூலி வாங்கிக்கொண்டு போனானா,
எனக்குத் தெரிய வேண்டும்.

பத்தொன்பது வருடமாக எக்ஸ்ரே அறையில்
ஒவ்வொரு உடம்பின் ஓரத்திலும்
ஈயத்தில் வார்த்த ஒரு சின்ன எழுத்தை வைக்கிறவள் நான்.
இது இடது. இது வலது.
மறந்தால் நல்ல காலை அறுப்பார்கள்.

ஒருமுறை இதயம் வலப்பக்கம் விழுந்தது.
படத்தைத் திருப்பினேன். இதயம் சரி, எழுத்து தலைகீழ்.
ஆம்பூரில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற பையன்.
பிறவியே அப்படி. இருபத்தாறு வயதுவரை
அவனுக்கே தெரியாது.
யாரும் அவனைப் பூஜையில் வைக்கவில்லை.

படத்தை முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிரே
மாட்டியிருக்கிறேன். தலை சீவும்போது
என் தோளுக்குப் பின்னால் அது இடம்புரி.

நேற்று மால்டாவிலிருந்து நிபேதிதா ஹால்தார்.
கணவருக்கு டயாலிசிஸ். லாட்ஜ் படியில் வழுக்கி
மணிக்கட்டு வீங்கியிருந்தது.
வீக்கத்துக்கு மேல் இறுகிய சங்கு வளை.
கழற்றுங்கள் என்றேன், சைகையில், இந்தியில்,
பிறகு எனக்குத் தெரிந்த நாலு வங்காளச் சொல்லில்.
அவள் வளையைப் பொத்திக்கொண்டாள்.
வலித்த இடத்தை அல்ல.
வெட்டலாம் என்று கத்தரியைக் காட்டினேன்.
மூன்றாம் மாடியைக் கையால் காட்டினாள்.
வளையோடு படம் எடுக்கக் கூடாது.
எடுத்தேன்.

திரையில் எலும்பும் சங்கும் ஒரே வெள்ளை.
கை எது, கடல் எது என்று
சுண்ணாம்புக்குத் தெரியாது.
வளையின் நிழலுக்கு அரை விரல் தள்ளி
ஒரு விரிசல், செம்பில் கீறியது போல.

டாக்டர் போனில் கேட்டார், "நடுவுல இது என்ன?"
சங்கு என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"சரி. எந்தக் கை?"
எழுத்தைப் பார்த்தேன்.
வலது என்று சொல்லிவிட்டு
இன்னொரு முறை பார்த்தேன்.