மானுக்கு உப்பு உப்புத்தான்

கொட்பே ஐஸ் பக்டரியில் இரவு வேலை.
கட்டி ஒன்று ஐம்பது கிலோ.
கொக்கி போட்டு இழுத்துப் பலகையில் சறுக்கி
லொறிக்குள் தள்ள வேண்டும்.
அதற்கு முதல் ஒரு கால் போத்தல்.
"குளிருக்கு" என்பேன்.
குளிருக்குத்தான் என்று நானும் நம்பியிருந்தேன்.

முதல் மிடறில் காது சிவக்கும்.
பிறகு கன்னம், கழுத்து, நெஞ்சுக்குழி.
தோலுக்கடியில் யாரோ
அறை அறையாய் லைட் போட்டுக்கொண்டு போவதுபோல.
ஐஸ் புகைக்குள் நின்று
பெனியன் ஒட்ட ஒட்ட வேர்ப்பேன்.
வெஸ்லியன் கத்துவான்:
"பத்திநாதர் உருகுறார், ஓடிவந்து பிடியுங்கோ!"

உருகினது உண்மை.
சூடு புதிதாய் ஊறவில்லை.
உள்ளே கிடந்ததுதான் வெளியே வந்து
தோலில் நின்று வேடிக்கை காட்டியது.
கதவு யன்னலெல்லாம் திறந்துவிட்டு
அடுப்பு மூட்டிய வீடு நான்.
விடியப்புறம், லொறி போனபின், பல்லுக் கிட்டும்.
சாரத்தால் தலையை மூடி
கடல்காற்றுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருப்பேன்.
அந்தக் குளிருக்கும்
இன்னொரு கால் போத்தல்.

வேர்த்தால் எல்லாம் இறங்கிவிடும்.
இது என் சொந்த வைத்தியம்.
நத்தார்க் குடியை வெளியேற்றவென்று
கன்னியாவுக்குப் போய்
ஏழு கிணற்றுச் சுடுதண்ணீரும் அள்ளி வார்த்தேன் ஒருமுறை.
ஏழாவதில் கண் இருட்டியது.
சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள்
தங்கள் தண்ணீர்ப் போத்தல்களால்
என்னைத் தெளிவித்தார்கள்.
ஒன்றில் ஒரேஞ்ச் பார்லி இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் மிசி பரீனா சொன்னா:
"வேர்வையில போறது சொட்டு.
மிச்சம் முழுக்க ஈரல்தான் சுமக்குது.
அது வேர்க்காது.
அதால உங்களுக்குத் தெரியல்ல."

விட்டு இரண்டாம் நாள்
தேத்தண்ணி பிடித்த கை
தானாகப் பேசத் தொடங்கியது.
அன்றிரவு வார்ட் சுவரில் சூரை மீன்கள் ஓடின.
ஒரு சொட்டுக் குடிக்கவில்லை,
ஆனால் குடித்த நாளிலும் அப்படி வேர்த்ததில்லை.
உள்ளங்காலும் வேர்த்தது.
கண்ணிமையும் வேர்த்தது.
ஊசி போட்டார்கள், விற்றமின் என்றார்கள்,
நாடியைப் பிடித்துப் பிடித்து எழுதினார்கள்.

ஜெயசீலி விரிப்பை உருவிப் பிழிந்தாள்.
"ரெண்டு கிளாஸ் தேறும்" என்றாள், சிரிக்காமல்.
பிறகு ஈரத்துணியால் என் முதுகைத் துடைத்தாள்.
எத்தனை வருசத்துக்குப் பிறகு என்று
நான் எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டேன்.

ஆறாம் நாள்.
மதில் கம்பியில் இரண்டு சேட்டுக் காய்கிறது:
வந்தபோது போட்டிருந்தது ஒன்று,
நேற்று நனைந்தது ஒன்று.
இரண்டும் தோய்க்கவில்லை.
பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து வந்த புள்ளிமான்
கொலரை நக்கியது.
எதை வேண்டாமென்று விடும் என்று
யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எதையும் விடவில்லை.
இரண்டையும் ஒரே ருசியோடு நக்கியது.
ஜெயசீலி விரட்ட எழும்பினாள்.
விடு என்றேன்.

போகும்போது
ஒரு பொத்தானையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் போனது.