பச்சை எரிந்தால் நிறுத்தவும்

இந்த வண்டியில் பச்சை என்றால் நில்.
அறுபத்து நான்கில் செய்தவர்கள்
அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.
சிவப்பு எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை,
பச்சை எரிந்தால் எண்ணெய் ஏறவில்லை.

குறுவை நட்டு இருபது நாள்.
திருத்துறைப்பூண்டி சாலைக்கு
இரண்டு பக்கமும் பச்சை.
ஸ்பீடாமீட்டருக்குள்
பொட்டுக்கடலை அளவில் இன்னொன்று.
அதற்குத்தான் நிறுத்தினேன்,
கோரையாற்று மதகோரம்.

பின்சீட்டில் ஐஸ் பெட்டி,
எழுபது ஆட்டுக்குத் தடுப்பூசி.
ஐஸ் நாலு மணி நேரம் தாங்கும்.

முதலில் குச்சி.
இழுத்து, துடைத்து, விட்டு, மறுபடி இழுத்தேன்.
மேல்கோடு வரை நனைந்திருக்கிறது.
விரலில் தேய்த்தால் பெட்ரோல் வாடை இல்லை.
அளவு சரி.
அப்படியென்றால் அழுத்தம்.

ஷட்டர் சாவியோடு வந்த லஸ்கர் வைரக்கண்ணு
பின்பக்க மூடிக்குள் எட்டிப் பார்த்து
"தண்ணி எங்கம்மா ஊத்துவீங்க?" என்றார்.
தண்ணீரே கிடையாது, காற்றுதான் என்றேன்.
ஆற்றைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.
"அப்ப இது எங்க ஊரு வண்டிதான்."

அவரை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்து
சுவிட்சிலிருந்து ஒற்றை வயரைப் பிடுங்கினேன்.
"அணைஞ்சிடுச்சு!"
மாட்டினேன்.
"எரியுது!"
வயர் எங்கேயும் உரசவில்லை.
ஒன்று, சுவிட்ச் பொய் சொல்கிறது.
அல்லது இந்த வண்டியில்
அது ஒன்றுதான் பொய் சொல்லவில்லை.

பத்தே வினாடி ஓடவிட்டு
மாட்டு நெஞ்சில் வைக்கிற குழாயை
எஞ்சின் விலாவில் வைத்தேன்.
தட்டல் இல்லை. ஒரு முனகல் இருக்கலாம்.
மாடாயிருந்தால் முகம் பார்த்திருப்பேன்.

தரங்கம்பாடியில் இதை விற்ற ரொசாரியோ
"விளக்கே எரியாத வண்டி, டாக்டர்" என்றார்.
சாவி திருப்பியதும் எரிந்து
எஞ்சின் பிடித்ததும் அணைய வேண்டிய விளக்கு அது.
எனக்குத் தெரியும். கேட்கவில்லை.
விலை குறைவாயிருந்தது.
மூன்று மாதம் கழித்து, நேற்றுதான்
டாஷ்போர்டுக்குப் பின்னால் கை விட்டேன்:
வெறும் ஹோல்டர், மேலே கறுப்பு டேப்.
நேற்று பல்பு போட்டேன்.
இன்று நோய் வந்துவிட்டது.

சாக்கை விரித்துக் கீழே படுத்தேன்.
அகலப் பிளவு வைத்த ஒரு பெரிய திருகு,
உள்ளே ஸ்பிரிங், அதற்கு மேல் கட்டைவிரல் தடிமனில் பிஸ்டன்.
எண்ணெய் குளிர்ந்து கெட்டியாயிருக்கும்போது திறந்து
மிச்சத்தைக் கீழே விடும்,
சூடேறியதும் மூடிக்கொள்ளும்.

"தெறந்தபடியே மாட்டிக்கிட்டா?"

வண்டிக்கு அடியிலிருந்து அவர் கால்கள்தான் தெரிந்தன.
கடைசி பேரிங்குக்குப் போகாது என்றேன்.

கொஞ்ச நேரம் கால்கள் அசையவில்லை.
"அணையில நூறு அடின்னு பேப்பர்ல போடுவான்" என்றார்.
அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

பிஸ்டன் வரவில்லை.
தட்டினேன், திட்டினேன்,
முழங்கை வரை சுடச்சுட வழிந்ததை
டிபன் பாக்ஸ் மூடியில் பிடித்தேன்.
வந்தபோது கூடவே வந்தது
நகம் வெட்டிய துண்டு போல
ஒரு இரும்புச் சிராய்.
ஊசிக்கு வைத்திருந்த பஞ்சு, ஸ்பிரிட்.
துடைத்து, உள்ளே தள்ளி, முறுக்கினேன்.

சாவி. பச்சை.
எஞ்சின் பிடித்தது.
"அணைஞ்சிடுச்சும்மா."

கை கழுவ வாய்க்காலில் இறங்கினேன்.
"இந்த மாதிரி ஒரு பல்பு
கடைமடையில மாட்ட முடியுமா?" என்றார்.
மாட்டலாம் என்றேன்.
யார் கழற்றுவார்கள் என்று
இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

ரயில்வே கேட்டில் பன்னிரண்டு நிமிடம்.
எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தது.
நியூட்ரலில் மெதுவாக, மெதுவாக,
பாதி வெளிச்சத்தில் மினுக்கியது.
அந்தச் சிராய் எங்கிருந்தோதானே வந்திருக்கிறது.
ஆக்ஸிலரேட்டரில் பெருவிரல் வைத்தேன், அணைந்தது.
எடுத்தேன், மினுக்கியது.

பதிவேட்டில் அன்று:
வெள்ளாடு எழுபது, ஊசி போடப்பட்டது.
கீழே பென்சிலில்:
வண்டி ஒன்று. காய்ச்சல் விட்டுவிட்டு.
பல்பைக் கழற்றவில்லை.